பெட்டி வெச்சாச்சு, வேன் விட்டாச்சு... குழந்தை எப்பங்க பேசும்?

கோபி பஸ் ஸ்டாண்டுல நின்னு 'கவுன்சிலிங்'னு சத்தமா சொல்லிப் பாருங்க. நாலு பேர் திரும்பி "பையன் கட் ஆஃப் எவ்வளவுங்க?"ன்னு கேப்பாங்க. நம்ம ஊர்ல கவுன்சிலிங்னா இன்ஜினியரிங் சீட்டு. 2018-ல அது ஆன்லைனுக்குப் போன பிறகும் அர்த்தம் மாறலை. சரி, நல்ல தமிழ்ல கேப்போம்னு பள்ளிக்கல்வித் துறையில போய் 'கலந்தாய்வு'ன்னு கேட்டீங்கன்னா, அது வாத்தியார்கள் இடமாறுதல் வாங்குற நாள். ஆக நம்மகிட்ட ரெண்டு வார்த்தை இருக்கு. ரெண்டுலயும் குழந்தை இல்லை!

இந்தப் பதிவு ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் படிக்கிற பொடிசுகளைப் பத்தினது. வாரம் ஒரு தடவை, ஆறு பேரா உட்கார வெச்சு, கோபம் வந்தா என்ன பண்றது, பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கினா என்ன சொல்றது, பயமா இருந்தா யார்கிட்ட போறதுன்னு பழக்கித் தர்ற சின்னச் சின்னக் குழுக்கள் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலயும் வேணும். இதுதான் என் கட்சி. வேற கட்சி எதுவும் இல்லீங்க. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பின்னூட்டத்துல பாத்துக்கலாம் :-)

இதுவரைக்கும் என்னதான் பண்ணியிருக்காங்க?

ஒண்ணும் பண்ணலைன்னு பொத்தாம் பொதுவா சொல்ல மாட்டேன். பண்ணியிருக்காங்க. வரிசையா பாப்போம்.

வேன்: 2013 வாக்குல மாணவர்களுக்குன்னு நடமாடும் ஆலோசனை மையங்கள் வந்துச்சு. உளவியல் படிச்ச ஒருத்தர் வேன்ல பள்ளி பள்ளியா போவார். நல்ல யோசனை. ஆனா மொத்தம் பத்து வேன். அன்னிக்கு தமிழ்நாட்டுல 32 மாவட்டம். ஒரு வேனுக்கு மூணு மாவட்டம்! தாளவாடி மலைமேல இருக்கற பள்ளிக்கு அந்த வேன் எந்த வருசம் வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

போன்: 2018-ல 14417 உதவி எண் வந்துச்சு. அப்ப பள்ளிக்கல்வி அமைச்சர் நம்ம கோபித் தொகுதிக்காரர் செங்கோட்டையன்தான். பரீட்சை பயம், ரிசல்ட் பயம், மேற்படிப்புச் சந்தேகம்னா கூப்பிடலாம். கூப்பிடறது யாரு? பத்தாவது, பன்னெண்டாவது. ரெண்டாப்பு படிக்கிற புள்ளை ஐந்து நம்பரை அழுத்தி, "ஹலோ, எனக்கு மனசு சரியில்லை"ன்னு சொல்லுமாக்கும்?

பெட்டி: 2021-ல சென்னைப் பள்ளிகள்ல இருந்து பாலியல் புகார்கள் வெடிச்ச பிறகு, பள்ளிகள்ல 'மாணவர் மனசு'ன்னு புகார்ப் பெட்டி வெச்சாங்க. எழுதிப் போடலாம். எழுதத் தெரியணும். அது புகார்தான்னு முதல்ல தெரியணும். பெட்டி எட்டணும் :-(

மேடை: இது தனியார் பள்ளிகள் ஸ்பெஷல். ஆண்டு விழாவுக்கு முன்னாடி ஒரு நாள் கோட்டு சூட்டுப் போட்டு ஒருத்தர் வருவார். 'ஆளுமைத்திறன் மேம்பாடு', 'நினைவாற்றல்', 'நேர்மறைச் சிந்தனை'. ஐநூறு குழந்தைகளைத் தரையில உட்கார வெச்சு "நான் வெற்றி பெறுவேன்!"னு மூணு தடவை கத்தச் சொல்வார். ஸ்பீக்கர் அலறும். ஃபோட்டோ எடுப்பாங்க. மறுநாள் பேப்பர்ல வரும். முடிஞ்சுது. 2010-கள்ல இதே கடையில 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்'னு ஒரு சரக்கு வித்தாங்களே, ஞாபகம் இருக்கா? கண்ணைக் கட்டிக்கிட்டுப் புத்தகம் படிக்கும்னு சொல்லி ஆயிரக்கணக்குல ஃபீஸ் வாங்கினாங்க. மூக்கோரத்து இடுக்கு வழியாத்தான் புள்ளைங்க எட்டிப் பாக்குதுன்னு பகுத்தறிவாளர்கள் மேடையிலேயே நிரூபிச்சுக் காட்டினாங்க. அந்தக் குழந்தைங்க உருப்படியா கத்துக்கிட்ட திறன் ஒண்ணே ஒண்ணுதான்: பெரியவங்க சந்தோசப்படணும்னா பொய் சொல்லணும்.

கோபிக்காரங்களுக்குப் பட்டுப்புழு தெரியும். ஒரு மாசத்து மல்பெரி இலையை ஒரே நாள்ல கொட்டிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டா புழு கூடு கட்டுமா? வேளாவேளைக்குப் போடணும், தோலுரிக்கறப்ப சும்மா விடணும், யாராவது பக்கத்துல இருந்து பாக்கணும். புழுவுக்கே அப்படின்னா...

நாலுக்கும் ஒரே ஓட்டை

வேன், போன், பெட்டி, மேடை. முதல் மூணும் என்ன பண்ணுதுன்னு பாருங்க. குழந்தை வந்து சொல்லட்டும்னு காத்திருக்கு. நாலாவது, குழந்தையைப் பேசவே விடாம அதுவே பேசுது. தனக்கு என்ன ஆகுதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு ஒரு வார்த்தை தேடி, நம்பிக்கையான ஆளாப் பாத்து, பயத்தை அடக்கிக்கிட்டு வாயைத் திறக்கறது இருக்கே, அது தானா வர்ற குணம் இல்லை. அது ஒரு திறன். வாய்ப்பாடு மாதிரி, சைக்கிள் மாதிரி, பழகினாத்தான் வரும். அதைப் பழக்கற இடம் மட்டும் நம்ம பள்ளிக்கூடத்துல எங்கயுமே இல்லை.

சும்மா தத்துவம் பேசறேன்னு நினைக்காதீங்க. 2022 கடைசியில நம்ம ஈரோடு மாவட்டத்துல, பெருந்துறைப் பக்கம் ஒரு ஒன்றியப் பள்ளியில, பட்டியல் சாதிக் குழந்தைகளை மட்டும் கழிவறை கழுவ வெச்சதா புகார் வந்து தலைமையாசிரியை கைதானாங்க. பேப்பர்ல எல்லாரும் படிச்சிருப்பீங்க. அது எப்படி வெளியே வந்துச்சு? ஒரு பையனுக்கு டெங்கு வந்துருச்சு. கொசு எங்க கடிச்சுதுன்னு அம்மா கேக்கப் போய்த்தான் விசயமே தெரிஞ்சுது. பையன் வேலைவெட்டியை விட்டுட்டு மறைக்கலை. அதைச் சொல்லலாம், சொன்னா கேப்பாங்கன்னு அவனுக்கு யாரும் காட்டித் தரலை. காய்ச்சல் வராம இருந்திருந்தா?

உடனே "குழந்தைக்குத் தைரியம் சொல்லிக் குடுத்தாப் போதும், எல்லாம் சரியாயிடும்"னு நான் சொல்றதா யாரும் கொடி பிடிக்க வேண்டாம். தப்பு பண்றது பெரியவங்க, தண்டனையும் திருத்தமும் அவங்களுக்குத்தான். ஆனா பெரியவங்க தப்பு வெளிச்சத்துக்கு வர்றதுக்குக் கொசுவை நம்பிக்கிட்டு ஒரு மாநிலம் இருக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்லுது?

2009 கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. 17-ஆவது பிரிவு அடிக்கக் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாதுங்குது. 29-ஆவது பிரிவு குழந்தை பயம், அதிர்ச்சி, பதற்றம் இல்லாம, தன் கருத்தைத் தாராளமாச் சொல்ல உதவணும்ங்குது. படிச்சா கண்ணுல தண்ணி வரும், அவ்வளவு அழகு. அதே சட்டத்துக் கடைசியில இருக்கற அட்டவணையைப் பாருங்க: ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் 60 குழந்தைகள் இருந்தா ரெண்டு ஆசிரியர். அவ்வளவுதான். ஓவியம், உடற்கல்விக்குப் பகுதிநேர ஆள்கூட ஆறாவதுக்கு மேல, நூறு பேருக்கு மேல இருந்தாத்தான். பயத்தைப் போக்கறது யாருங்கற கேள்விக்கு அட்டவணையில பதிலே இல்லை.

பயத்தைக் கூட்டறதுக்கு மட்டும் நமக்கு வேகம் ஜாஸ்தி. 2019 செப்டம்பர்ல அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வுன்னு அரசாணை போட்டாங்க. பத்து வயசுப் புள்ளைக்குப் பப்ளிக் எக்ஸாம்! ஊரே எதிர்த்த பிறகு 2020 பிப்ரவரியில வாபஸ். அந்த நாலஞ்சு மாசம் எத்தனை அஞ்சாப்புக் குழந்தைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வெச்சாங்கன்னு அந்தந்த வீட்டுக்காரங்களைக் கேளுங்க.

சரி, குழுன்னா எப்படி இருக்கணும்?

குறை சொல்றது சுலபம், வழி சொல்லுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

1) ஆறு பேர். கூடினா எட்டு. அதுக்கு மேல போனா அது வகுப்பு, குழு இல்லை. ஒண்ணு-ரெண்டாப்பு தனி, மூணுல இருந்து அஞ்சு தனி. ஆறு வயசுக்கும் பத்து வயசுக்கும் நடுவுல ஒரு கடலே இருக்கு.

2) வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், எட்டு வாரம். அதே நாள், அதே இடம், அதே ஆள். வேப்பமரத்தடி போதும். ஆனா டைம்டேபிள்ல எழுதியிருக்கணும். 'நேரம் இருந்தா'ன்னு விட்டா அது கணக்குப் பீரியடாத்தான் முடியும். நீதிபோதனை வகுப்புக்கு நடந்த கதை தெரியுமில்ல!

3) ஒரு சுத்துக்கு ரெண்டு மூணு திறன்தான். 1990-கள்ல உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள்னு பத்து சொல்லுச்சு. தன்னை அறியறது, அடுத்தவங்க நிலையை உணர்றது, முடிவெடுக்கறது, உணர்ச்சியைச் சமாளிக்கறதுன்னு போகும். பத்தையும் எட்டு வாரத்துல ஊத்தக் கூடாது. பொடிசுகளுக்கு மூணு போதும்: உள்ளே என்ன நடக்குதுன்னு பேர் சொல்றது, தன் முறை வரும்வரை காத்திருக்கறது, உதவி கேக்கறது.

4) விளையாட்டு வழியா. காத்திருக்கறதைத் தாயமும் பல்லாங்குழியும் கத்துக் குடுக்கற மாதிரி எந்தப் பாடப் புத்தகமும் குடுக்காது. தோத்தா எப்படி இருக்குன்னு பல்லாங்குழி முடிஞ்ச அந்த நிமிசத்துல கேட்டுப் பாருங்க, குழந்தை கொட்டும். வீட்டுல கன்னடம் பேசற தாளவாடிப் புள்ளை, பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் புள்ளை இவங்களுக்கெல்லாம் பேச்சை விட விளையாட்டுதான் முதல் வாசல்.

5) வால் பசங்களை மட்டும் பொறுக்கிப் போட்டு ஒரு குழு அமைக்கவே கூடாது. இதைத் தடிமனான எழுத்துல படிங்க! நம்ம தலைமையாசிரியர்கள் முதல்ல பண்றது இதாத்தான் இருக்கும்: "சார், அடங்காத அஞ்சு பேர் இருக்கான், கூட்டிட்டுப் போங்க." 1999-லயே டிஷன், மெக்கார்ட், பூலின்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல இருந்து எச்சரிச்சாங்க. வம்பு பண்ற வளரிளம் பசங்களை ஒண்ணா உட்கார வெச்சப்ப, சில இடங்கள்ல வம்பு குறையறதுக்குப் பதிலா கூடிருச்சு. ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் சிரிச்சு, அந்தச் சிரிப்பே பரிசாயிடுது. அதனால கலந்து வைங்க. தடுமாறற ரெண்டு மூணு பேர், சமாளிக்கத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர், எப்பவும் வாயே திறக்காத ஒருத்தர். அந்த வாய் திறக்காத புள்ளையைத்தான் எல்லாரும் 'நல்ல புள்ளை'ன்னு சொல்லி விட்டுடறாங்க. சாதி பாத்துப் பிரிக்கக் கூடாதுன்னு நான் தனியா சொல்லணுமா? நம்ம பக்கம், சொல்லித்தான் ஆகணும்.

6) முதல் நாளே குழந்தைங்ககிட்ட ஒப்பந்தம்: இங்க பேசினதை வெளிய கேலி பண்ணக் கூடாது. ஆனா யாராவது உன்னைத் துன்புறுத்தறாங்கன்னு தெரிஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுவேன். 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் தெரிவிக்காம இருக்கறதே குற்றம். குழு நடத்தறவங்களுக்கு 1098 நம்பர் மனப்பாடம் ஆயிருக்கணும். "உன் ரகசியத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டு அப்புறம் உடைக்கறது மகா பாவம்.

7) வீட்டுக்குச் சொல்லி, சம்மதம் வாங்கணும். 'மனநலம்', 'கவுன்சிலிங்'னு சீட்டு அனுப்பினா "எங்க புள்ளைக்கென்ன பைத்தியமா?"ன்னு அப்பாரு தடியோட வருவாரு. 'நண்பர் குழு'ன்னு ஏதாவது பேர் வைங்க, ஆனா என்ன பண்றோம்ங்கறதை ஒளிக்காம சொல்லுங்க.

8) வேலை செஞ்சுதான்னு பாக்கணும். தொடங்கறப்ப வகுப்பாசிரியர்கிட்ட நாலு கேள்வி, எட்டு வாரம் கழிச்சு அதே நாலு கேள்வி. தன் முறைக்குக் காத்திருக்கானா? உதவி கேக்கறாளா? அடிக்கறதுக்கு முன்னாடி பேசறானா? இடைவேளையில தனியா நிக்கறாளா? மாறலைன்னா முறையை மாத்தணும்.

"ஆனா..."ன்னு ஆரம்பிக்கறவங்களுக்கு

"எங்க காலத்துல கவுன்சிலிங்கா இருந்துச்சு? நாங்க நல்லா வளரலையா?"

இருந்துச்சுங்க. பேர்தான் வேற. அப்பாரு இருந்தாரு, ஆத்தா இருந்தாங்க, லீவுக்குப் போனா அப்புச்சியும் அம்மிச்சியும் இருந்தாங்க. திண்ணை இருந்துச்சு. சண்டை போட்டு, கட்டிப் புரண்டு, சாயங்காலத்துக்குள்ள ராசியாக ஒரு வீதியே இருந்துச்சு. இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி பனியன் கம்பெனி வண்டி அம்மாவைக் கூட்டிட்டுப் போகுது, அப்பன் தறிக்கோ மில்லுக்கோ போயிடறான். சாயங்காலம் புள்ளைக்குத் துணை ஒரு செல்போன். அதோட, உங்க காலத்துல நல்லா வளர்ந்தவங்க மட்டும்தான் இங்க வந்து பதிவு படிக்கறாங்க. மூணாப்புலயே பயந்து நின்னுட்டு ஆடு மேய்க்கப் போனவங்க கணக்கை யாரு எழுதினாங்க?

"நீதிக்கதை சொன்னாப் போதாதா?"

கிணத்துல நீச்சல் எப்படிக் கத்துக்கிட்டீங்க? கரையில உட்கார வெச்சு நீச்சலோட பெருமையைப் பத்திக் கதை சொன்னாங்களா, முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணிக்குள்ள இறக்கினாங்களா? கதை வேணும். ஆனா கதை கரை. குழுதான் தண்ணி, கூட இருக்கற ஆள்தான் சுரைக்குடுக்கை.

"வாத்தியார்களே பண்ணட்டுமே, சம்பளம் வாங்கறாங்கல்ல!"

இதைக் கேட்டாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஈராசிரியர் பள்ளியில அஞ்சு வகுப்பை ரெண்டு பேர் கட்டி மேய்க்கறாங்க. எமிஸ்ல பதிவு ஏத்தணும், எண்ணும் எழுத்தும் மதிப்பீடு போடணும், சத்துணவைப் பாக்கணும், தேர்தல் வேலைக்குப் போகணும். அதுக்கு மேல இதையும் தூக்கி வைப்பீங்களா? உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லலை, ஆதாரம் இருக்கு. பீகார்ல நாளந்தா மாவட்டத்துல 74 பள்ளிகள்ல ஒன்பதாம் வகுப்புல ஒரு பரிசோதனை நடத்தி, 2018-ல 'லான்செட்' இதழ்ல வெளியிட்டாங்க. ஒரே திட்டம். சில பள்ளிகள்ல ஆசிரியரே நடத்தினாங்க, சில பள்ளிகள்ல இதுக்குன்னே பயிற்சி குடுத்த சாதாரண ஆள் நடத்தினாங்க, அவங்க டாக்டர்கூட இல்லை. ஆசிரியர் நடத்தின இடத்துல சொல்லிக்கற மாதிரி பலன் இல்லை. தனி ஆள் இருந்த இடத்துல பள்ளிச் சூழல் மாறுச்சு, சீண்டலும் வன்முறையும் குறைஞ்சுது. அவங்க பெரிய பசங்கதான். ஆனா பாடம் நமக்கும் பொருந்தும்: இது ஒரு தனி வேலை, அதுக்கு ஒரு தனி ஆள்.

"அமெரிக்காக்காரன் சமாச்சாரம் நமக்கெதுக்கு?"

அங்க பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருத்தர்னு சொல்லுது. அங்கயே பல மாநிலத்துல அது எட்டலை. நான் 250-க்கு ஒருத்தர் கேக்கலைங்க. என் கணக்கு ரொம்பச் சிக்கனம். கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்து பிரிஞ்ச ஊர்க்காரன் இல்லையா :-)

கணக்கு

ஒரு ஆள். தினம் ஒரு பள்ளி. ஒரு பள்ளியில ரெண்டு குழு, அதாவது 12 குழந்தைங்க. வாரத்துக்கு அஞ்சு பள்ளி, 60 குழந்தைங்க. எட்டு வாரம் ஒரு சுத்து. ஒரு கல்வியாண்டுல மூணு சுத்து. ஆக வருசத்துக்கு 15 பள்ளி, 180 குழந்தைங்க. மீதி நேரத்துல ஆசிரியர்களோடயும் பெத்தவங்களோடயும் பேசலாம், தனியாப் பாக்க வேண்டிய குழந்தையைப் பாக்கலாம், மருத்துவர்கிட்ட அனுப்ப வேண்டியதை அனுப்பலாம். ஈரோடு மாவட்டத்துல 14 ஒன்றியம். ஒன்றியத்துக்கு ரெண்டு பேர்னா 28 பேர். உட்கார வட்டார வள மையம் ஏற்கெனவே இருக்கு. புதுக் கட்டடம் வேண்டாம், வேன் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம், பஸ் பாஸ் குடுத்தாப் போதும். சமூகப்பணி, உளவியல் படிச்சிட்டு எத்தனை புள்ளைங்க கோயமுத்தூர்ல ஹெச்.ஆர். வேலை தேடி அலையுதுங்க! மூணு மாசப் பயிற்சி குடுத்து, ஒப்பந்தக் கூலியா இல்லாம, நிரந்தரமா போடுங்க. வருசத்துக்கு ஒரு ஆள் மாறினா குழந்தை யாரை நம்பும்?

காசு இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. காலை உணவுத் திட்டத்தை 2022-ல ஆரம்பிச்சப்பவும் இதைத்தான் சொன்னாங்க. இன்னிக்குப் புள்ளைங்க சாப்பிட்டுட்டு வகுப்புல உட்காருது. வயித்தைக் கண்டுபிடிக்க நமக்கு நூறு வருசம் ஆச்சு. மனசைக் கண்டுபிடிக்க இன்னொரு நூறு வருசம் வேண்டாம்.

சக பதிவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. உங்க ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது ஒருத்தர் அதுல கண்டிப்பா இருப்பாங்க. அடுத்த கூட்டத்துல சுத்துச்சுவர், கழிவறை, குடிதண்ணி தீர்மானத்தோட இந்த ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்க: 'எங்கள் பள்ளிக் குழந்தைகளுக்கு வாரம் அரை மணி நேரக் குழுவும், அதை நடத்த ஒரு ஆளும் வேண்டும்.' போட்டாச்சுன்னா ஒரு பின்னூட்டம் போடுங்க. எத்தனை ஊர் ஆச்சுன்னு எண்ணிப் பாப்போம்.

டிஸ்கி: நான் வாத்தியாரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. சாயங்காலம் கடையைச் சாத்திட்டுப் பதிவு எழுதறவன். துறை சார்ந்தவங்க என் எட்டு அம்சத்துல ஒட்டடை அடிக்கலாம், சந்தோசமா வாங்கிக்குவேன். "குழந்தைங்க தானா சரியாயிடும்"னு ஒரு வரிப் பின்னூட்டம் போடறவங்க மட்டும், தானா சரியான ஒரு பம்புசெட் மோட்டாரைக் காட்டிட்டு வாங்க, பேசுவோம் :-)